ஜெயங்கொண்டம் ஃபைனலில் பாட்டு நின்றதா?

அரியலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பாண்டியன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அடுத்த கடை மீரான் பாயின் செருப்புக் கடை. நடுவில் ஒரே ஒரு சுவர். வேறு எந்த விஷயத்திலும் அவர்களுக்குள் மனத்தாங்கல் வந்ததில்லை. கபடி என்று பேச்சு வந்துவிட்டால் மட்டும் இரண்டு பேரும் கடையை விட்டு வெளியே வந்து, நடைபாதையில் நின்று கத்திக்கொள்வார்கள். செருப்பு வாங்க வந்தவர் ஒற்றைச் செருப்போடு நின்று வேடிக்கை பார்ப்பார்.

ஓய்வூதிய ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய காகிதங்களை நகல் எடுக்க நான் அங்கே போவது வழக்கம். போன மாதம் போனபோதும் இதே கூத்து.

"டீச்சர், வாங்க. நீங்களே சொல்லுங்க. நம்ம ரெண்டு ஜில்லாவுலயும் நடந்ததுல வரதராஜன்பேட்டை மழை ஃபைனலுக்கு மேல ஒன்னு இருக்கா?" என்றார் பாண்டியன்.

"மழ பெஞ்சா பெரிய ஃபைனலா? அப்ப வருசா வருசம் ஐப்பசியில நடத்திட வேண்டியதுதான்" என்றார் மீரான் பாய். "செந்துறையில ஒத்த ஆளு நின்னு கப்ப வாங்கிட்டுப் போனானே, அத எங்க வைப்பீங்க? வல்லாஹி, ஆணையாச் சொல்றேன், அதுக்கு ஈடு கெடயாது."

"மூணாவதா ஒன்னு இருக்கு பாய்."

"அத டீச்சர் முன்னாடி பேசப்படாது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மூன்றாவது ஃபைனலில் கடைசித் தீர்ப்புக்குக் கை தூக்கியவள் நான். அதில் அவுட் ஆனவர் பெயர் கலியமூர்த்தி. இப்போது என் வீட்டுக்காரர்.

இளம் நடுவர்களும் கொஞ்ச நாளாக என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போதெல்லாம் பெரிய ஆட்டங்களில் சந்தேகம் வந்தால் திரையில் போட்டு நாலு பக்கத்திலிருந்தும் பார்க்கிறார்கள். "இதெல்லாம் இல்லாத காலத்துல எப்புடி மேடம் தைரியமா விசில் அடிச்சீங்க?" என்று ஒரு பெண் பெரம்பலூர் முகாமில் கேட்டாள். மேடையில் நின்று நான் ஏதோ ஒப்புக்குச் சொல்லிவிட்டு வந்தேன். சரியான பதிலை உட்கார்ந்து எழுதித்தான் பார்க்க வேண்டும்.

நான் குன்னம் பக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் வெங்காயம் நடவும் பருத்தி எடுக்கவும் போனவர்கள். பள்ளிக்கூடத்தில் வேகமாக ஓடினேன். ஓடியதைப் பார்த்த ஒரு டீச்சர் என்னை உடற்கல்விப் படிப்பில் சேர்த்துவிட்டார். படித்து முடித்ததும் ஜெயங்கொண்டத்தை அடுத்த ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை கிடைத்தது. என் படிப்புக் காலத்தில் சொல்வதற்கு இவ்வளவுதான் இருக்கிறது.

நடுவர் வேலைக்கு என்னை இழுத்தவர் இருதயசாமி சார். வரதராஜன்பேட்டைக்காரர். எங்கள் பக்கத்தில் எந்தக் கபடிப் போட்டி நடந்தாலும் தலைமை நடுவர் அவர்தான். ஒரு நாள் பள்ளிகளுக்கு இடையேயான ஆட்டத்தில் நான் ஓரமாக நின்று, நடுவர் சொல்வதற்கு முன்பே "லாபி! லாபி!" என்று கத்திக்கொண்டிருந்தேன். லாபி என்பது களத்தின் ஓரப் பட்டை; யாரையும் தொடாமல் அதில் கால் வைத்தால் அவுட். பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ சொன்னது எல்லாம் சரி. ஆனா கத்துற. விசில் வச்சிருக்குறவங்க கத்தக் கூடாது. வா, விசில் தரேன்" என்றார்.

சார் குள்ளமான மனிதர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, இரண்டிலும் கத்தி மாதிரி மடிப்பு. ஆட்டத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஆடுகளம் முழுக்க ஒரு முறை நடப்பார். கண்ணுக்குத் தெரியாத கல்லும் முள்ளும் பாதத்துக்குத் தெரியும். குனிந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். போட்டி முடிந்து பஸ் ஏறும்போது அவர் கால்சட்டைப் பை கனத்துத் தொங்கும்.

பிறகு இரண்டு அணிகளையும் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பார்ப்பார். நகம் நீளமாக இருந்தால் கோபப்படமாட்டார். பையிலிருந்து நகவெட்டியை எடுத்துக் கையில் கொடுப்பார். தோளைத் தொட்டுப் பார்ப்பார். பிடிக்கு நழுவட்டும் என்று சிலர் எண்ணெய் தடவி வருவார்கள். அவர்களிடம் "பைப்படி அந்தப் பக்கம் தம்பி. சோப்பும் வச்சிருக்கேன்" என்பார், விருந்தாளியிடம் சொல்வதுபோல. விசிலைக் கழுத்தில் மாட்டமாட்டார். உள்ளங்கையில் பொத்தி வைத்திருப்பார். எதற்கு என்று கேட்டேன்.

"கழுத்துல இருந்தா அது நக. கைல இருந்தாத்தான் வேல."

பாண்டியன் கொண்டாடும் மழை ஃபைனலில் நான் கோட்டு நடுவர். பாதி ஆட்டம் கச்சிதமாகப் போனது. இடைவேளையில் சடசடவென்று கொட்டிவிட்டது. மழை விட்டபோது களத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்றும் இல்லை, சேறுதான் இருந்தது. கூட்டம் கலையவில்லை. மரவாடியிலிருந்து மாட்டு வண்டியில் மரத்தூள் கொண்டுவந்து கொட்டினார்கள். களம் காலுக்குப் பிடிக்க ஆரம்பித்தது. ஆனால் கோடு? தூளின் மேல் சுண்ணாம்பு நிற்கவில்லை.

முதல் நாள் விழாக் குழு சாருக்கு ஒரு புது வேட்டியைப் போர்த்தி மரியாதை செய்திருந்தது. சார் அதைப் பையிலிருந்து எடுத்தார். விளிம்பைப் பல்லால் கடித்து, நீளமாகக் கிழித்தார். கிழித்த துண்டுகளை நானும் இன்னொருவரும் தரையோடு இழுத்துப் பிடிக்க, அவர் ஆணி அடித்து மண்ணுக்குள் அழுத்தினார். விழாக் குழுத் தலைவர் பதறிப்போனார்.

"சார், அது உங்களுக்குப் போட்ட வேட்டி!"

"எனக்குத்தானே போட்டீங்க. நான் நடுக்கோட்டுக்குப் போடுறேன்."

அந்த வேட்டிக் கோட்டின் மேல் ஆடிய ஆட்டத்தைத்தான் பாண்டியன் இன்றைக்கும் பேசுகிறார். யார் எப்படி வழுக்கினார், யார் யார்மேல் விழுந்தார் என்று ஒவ்வொரு பிடியும் அவருக்கு மனப்பாடம். எனக்கு நினைவிருப்பது, ஆட்டம் முடிந்ததும் சார் அந்தச் சேற்றுத் துண்டுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனதுதான். "ஆணி கெடந்தா நாளைக்கு புள்ளைங்க கால்ல குத்தும்" என்று, இருட்டுவதற்குள் ஒவ்வொரு ஆணியாகத் தேடிப் பிடுங்கினார்.

மீரான் பாயின் செந்துறை ஃபைனலிலும் நான் இருந்தேன். அதில் ஒரு பக்கம் அத்தனை பேரும் அவுட் ஆகி, மிச்சம் ஒரே ஒருவர். இடது கைக்காரர். அவருக்குப் பேச்சில் திக்கல் உண்டு. பெயரைக் கேட்டால்கூடச் சொல்லி முடிக்க நேரமாகும். ஆனால் பாட்டில் திக்காது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எதிராளி பக்கம் பாடிப் போகிறவர் 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதை நாங்கள் பாட்டு என்போம். யாரையாவது தொட்டுவிட்டு, பாட்டு நிற்பதற்குள் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், தொடப்பட்டவர்கள் அவுட். அவருடைய ஆட்கள் அத்தனை பேர் உள்ளே திரும்பி வருவார்கள். பாட்டு வழியிலேயே நின்றுவிட்டால் பாடிப் போனவரே அவுட். அந்த மனிதர் போய்ப் போய்த் தொட்டு, வெளியே உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக மீட்டு, கடைசியில் ஜெயித்தே விட்டார். கோப்பை கொடுத்தவர் ஒலிபெருக்கியை நீட்டி "ரெண்டு வார்த்த பேசுங்க தம்பி" என்றார். அவர் வாங்கி, கொஞ்ச நேரம் திணறி நின்று, பிறகு கண்ணை மூடிக்கொண்டு 'கபடி கபடி கபடி' என்று மூச்சு முட்டும்வரை பாடினார். கூட்டம் அழுதது என்று மீரான் பாய் சொல்வார். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்தான். ஆனால் அது உண்மை. நானும் அழுதேன்.

இனி ஜெயங்கொண்டம்.

அது ஒரு பள்ளிக்கூட மைதானம். குன்னம் அணிக்கும் உடையார்பாளையம் அணிக்கும் ஃபைனல். ஜெயிக்கிற அணியிலிருந்து இரண்டு மூன்று பேரை ஒரு பெரிய ஆபீஸ் தன் அணிக்கு எடுக்கப்போகிறது, எடுத்தால் நிரந்தர வேலை என்று பேச்சு அடிபட்டது. பந்தலில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும், பேச்சு உண்மைதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆடிய பையன்கள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பாதிப் பேர் முந்திரிக் கொல்லையிலும் செங்கல் சூளையிலும் கூலிக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு அது கோப்பை இல்லை, பிழைப்பு.

பக்கத்துக்கு ஒருவராக இரண்டு நடுவர்கள் வேண்டும். ஒருவர் கோவிந்தராஜ், அனுபவஸ்தர். இன்னொருவர் காய்ச்சல் என்று வரவில்லை. சார் என்னைப் பார்த்தார்.

"சார், நான் குன்னம் பக்கம்" என்றேன். "பின்னாடி ஏதாவது பேசுவாங்க."

"பின்னாடி பேசுறத முன்னாடியே பேசிடுவோம், வா."

இரண்டு அணித் தலைவர்களையும் கூப்பிட்டார். "இது செல்வராணி டீச்சர். சொந்த ஊரு குன்னம் பக்கம். வேற நடுவர் இல்ல. ஒங்களுக்கு ஒப்புதலா?" என்று வெளிப்படையாகக் கேட்டார். குன்னம் தலைவர் உடனே தலையாட்டினார். உடையார்பாளையம் தலைவர் கலியமூர்த்தி. நெடுநெடுவென்று, வெயிலில் கறுத்த ஆள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊரா இருந்தா என்னா சார். காது நல்லாக் கேக்குமா? எம் பாட்டு கொஞ்சம் அடித் தொண்ட."

"கேக்கும்" என்றேன்.

"அப்ப சரி."

ஆட்டம் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒட்டியே போனது. ஒரு பக்கம் ஏறினால் மறு பக்கம் உடனே எட்டிப் பிடித்தது. வெயில் தாழ்ந்து, களத்தின் பாதியில் வேப்பமர நிழல் விழுந்தபோது குன்னம் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் மிச்சம். கலியமூர்த்தி குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாடிப் போனார்.

எதிரே மூன்று பேர். என் பக்கத்து மூலையில் நின்றவரைக் காலால் தொட்டார். திரும்பும்போது இன்னொருவரின் தோளில் கை பட்டது. இரண்டும் சுத்தமான தொடல், எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியே கோட்டைத் தொட்டிருந்தால் உடையார்பாளையம் ஜெயித்திருக்கும். தாவினார். தாவியவரின் கணுக்காலை மூன்றாவது ஆள் பிடித்துவிட்டார். அடுத்த கணம் மற்ற இரண்டு பேரும் மேலே விழுந்தார்கள். அத்தனை பாரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அவர் நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தார்.

கூட்டம் போட்ட சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை. நான் ஓடிப்போய் மண்டியிட்டு, அவர் தலைக்குப் பக்கத்தில் என் தலையைக் கொண்டுபோனேன். அப்போது கேட்டது. கபடி, கபடி, கபடி. அடித் தொண்டைதான். கை நீண்டுகொண்டே போனது. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது 'க' என்று வந்தது. மிச்சம் வரவில்லை. காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. பிறகு மறுபடி கபடி என்று எடுத்தார்; விரல் கோட்டைத் தொட்டது.

எதிர்ப்பக்கத்தில் கோவிந்தராஜ் விசில் அடித்து உடையார்பாளையத்துக்கு மூன்று புள்ளி என்று விரலைக் காட்டினார். இந்தப் பக்கம் நான் விசில் அடித்து, பாடிப் போனவர் அவுட் என்று குன்னத்துக்குக் கை தூக்கினேன்.

மைதானம் வெடித்தது.

இரண்டு நடுவருக்குள் ஒத்துப்போகாவிட்டால் தலைமை நடுவர் முடிவுசெய்ய வேண்டும். சார் அவசரப்படாமல் நடந்து களத்தின் நடுவுக்கு வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் அழைத்தார். எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில்தான் பேசினார்.

"கோவிந்தராஜ், என்ன பாத்தீங்க?"

"கை கோட்டத் தொட்டுச்சு சார். தெளிவாப் பாத்தேன்."

"பாட்டு கேட்டுச்சா?"

"இந்த எரைச்சல்ல எங்க சார் கேக்குது? ஆனா அவன் விடுற ஆளு இல்ல."

"சரி. ராணி, நீ?"

"கை தொட்டது உண்ம சார். அதுக்கு முன்னாடியே பாட்டு நின்னுடுச்சு."

"எங்கேருந்து கேட்ட?"

"அவங்க தலமாட்டுல மண்டி போட்டுக் கேட்டேன்."

"நின்னுச்சுன்னு எப்புடிச் சொல்ற?"

"'க' மட்டும் வந்துச்சு சார். அப்புறம் மூச்ச உள்ள இழுத்தாங்க. இழுத்த சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறந்தான் திரும்ப எடுத்தாங்க."

சார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சுற்றிலும் ஆயிரம் வாய்கள் கத்திக்கொண்டிருந்தன. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டதைக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"கோவிந்தராஜ், ஒருத்தரு கேட்டத சொல்றாங்க. நீங்க நெனச்சத சொல்றீங்க. நான் கேட்டத எடுத்துக்குறேன்" என்றார் சார். விசிலை வாயில் வைத்து நீளமாக ஒரு முறை ஊதினார். குன்னம் பக்கம் கையை நீட்டினார். ஆட்டம் முடிந்தது.

"சொந்த ஊருக்குக் குடுத்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள். கயிற்றைத் தாண்டி ஆட்கள் உள்ளே வந்தார்கள். சார் என் முழங்கையைப் பிடித்தார்.

"ஓடாத. நட. தலைமையாசிரியர் ரூம் வரைக்கும் நேராப் பாத்து நட. என்ன சத்தம் வந்தாலும் திரும்பிப் பாக்காத. திரும்பினா தப்பு செஞ்சவங்க மாதிரி தெரியும்."

நடந்தேன். முதுகுக்குப் பின்னால் வசவும் காலடிச் சத்தமும் வந்துகொண்டே இருந்தன. இதோ விழப்போகிறது அடி என்று ஒவ்வொரு எட்டிலும் நினைத்தேன். விழவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் சார் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

வெள்ளைச் சட்டைக்காரர்கள் குன்னத்திலிருந்து இரண்டு பேரை எடுத்துக்கொண்டார்கள். கலியமூர்த்தியை எடுக்கவில்லை. அவர் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிக்கு ஓட்டுநராகப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

ஆறேழு மாதம் கழிந்திருக்கும். சார் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அந்தக் கலியமூர்த்தி ஒன்னயக் கேக்குறான்."

"சண்ட போடவா சார்?"

"கல்யாணம் கட்டிக்க."

பெண் பார்க்க வந்தவர் எங்கள் வீட்டில் பாயில் உட்கார்ந்து காப்பியைக் குடித்து முடித்தார். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் வாக்கியம் இது:

"நான் பாட்டு விடல."

"விட்டீங்க" என்றேன்.

அப்பா பதறிப்போய் என்னை முறைத்தார். வந்தவர் சிரித்துவிட்டார். "சரி, அது ஒரு பக்கம் கெடக்கட்டும். எங்க வூட்டுக்கு வர சம்மதமா?" என்றார். எதனால் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அந்த நிமிஷமே சம்மதம் என்று மனசு சொல்லிவிட்டது.

அன்று ஒரு பக்கம் கிடந்தது அப்படியேதான் கிடந்தது. நல்ல நாளில் கேலியாக வரும். நான் குழம்பில் உப்புப் போட மறந்தால், "இதுவும் எங்க ஊரு அணிக்கு எதிரான தீர்ப்பா டீச்சரே?" என்பார். ஒரே ஒரு முறைதான் அது கேலியாக வரவில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை நின்று, லாரி ஓடாமல் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம். என் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. மாமியார் ஆற்றாமையில் சொல்லிவிட்டார்: "அன்னைக்கி இவ கையத் தூக்காம இருந்திருந்தா எம்புள்ள இன்னேரம் ஆபீசரு."

அடுப்படியில் நான் அப்படியே நின்றுவிட்டேன். வாசலில் இருந்த அவர் எழுந்து வந்தார்.

"யம்மா, ஆட்டத்துல நடந்தத ஆட்டத்தோட வையி. அவ காதுல என்னா உழுந்துச்சோ அதத்தான் சொன்னா. எனக்கு அது சரின்னு படல. அதுக்காவ அவ பொய் சொன்னான்னு ஆயிடுமா?"

மாமியார் அதற்குப் பிறகு அதைப் பேசவில்லை. நான் என்ன செய்ய? கேட்டது கேட்டதுதான். அவர் எனக்காகப் பேசிய அந்த வார்த்தைக்காகக் கூட அவரிடம் போய், ஒருவேளை நீங்கள் விடவில்லையோ என்னவோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

அதன் பிறகு மாவட்டம் மாவட்டமாக எத்தனையோ போட்டிகளுக்கு விசில் பிடித்தேன். பெண்கள் ஃபைனல் பலவற்றுக்குத் தலைமை நடுவராக நின்றேன். வெறுங்காலோடு களத்தை நடந்து பார்க்கும் பழக்கத்தை ஓய்வு பெறும்வரை விடவில்லை. இருதயசாமி சார் இறந்தபோது வரதராஜன்பேட்டைக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். கலியமூர்த்திதான் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த முதல் ஆள்.

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாண்டியனும் மீரான் பாயும் ஒன்றாக வீட்டுக்கு வந்தார்கள். மீரான் பாயின் முகத்தில் பெருநாள் களை.

"டீச்சர், கெடச்சிடுச்சு!"

"என்ன பாய்?"

"ஜெயங்கொண்டம் ஃபைனலு. அன்னைக்கி கல்யாண வீடியோ எடுக்குற ஒருத்தரு விழாக் குழுவுக்காவ எடுத்திருக்காரு. அவரு மவன் கேசட்ட எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கான். அலஞ்சு திரிஞ்சு வாங்கியாந்துட்டேன்."

என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "போடு பாய், போடு. இன்னைக்கித் தீந்துச்சு வழக்கு. டீச்சரே, ஒக்காரு. ஓடிப்போயிடாத."

"நான் எதுக்கு ஓடுறேன்? நீங்க ஓடாம இருந்தா சரி."

டி.வி.யில் பென் டிரைவைச் செருகினார்கள். படம் கொஞ்சம் ஆடியது, நிறம் வெளுத்திருந்தது. ஆனால் அந்த மைதானம்தான். அந்த வேப்ப நிழல். இருதயசாமி சாரின் வெள்ளை உடுப்பு. ரெட்டைப் பின்னலோடு, விசிலை வாயில் கவ்விக்கொண்டு, எலும்பும் தோலுமாக ஒரு பெண். நான்தான். கலியமூர்த்தி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தொட்டார், தாவினார், விழுந்தார், ஊர்ந்தார். நான் மண்டியிட்டேன்.

"இப்ப, இப்ப" என்றார் பாண்டியன். "சத்தத்த ஏத்துங்க பாய்!"

மீரான் பாய் சத்தத்தை ஏற்றினார். அறை அதிரச் சினிமாப் பாட்டு ஒலித்தது. வயலினும் தபேலாவுமாக ஒரு காதல் பாட்டு. கல்யாண வீடியோ எடுப்பவர் அல்லவா? மைதானத்துச் சத்தத்தை அழித்துவிட்டு, முழு ஆட்டத்துக்கும் பாட்டைச் சேர்த்துவைத்திருந்தார். கூட்டம் வாயைத் திறந்து கத்துகிறது, விசில் அடிக்கிறோம், ஒன்றும் கேட்கவில்லை. முகமாவது தெரியுமா என்றால், மேலே கிடந்த மூன்று பேருக்கு அடியில் அவர் முகம் மறைந்திருந்தது. கடைசிவரை காதலன் காதலியிடம் உருகிக்கொண்டிருந்தான்.

பாண்டியன் தலையில் கையை வைத்துக்கொண்டார். மீரான் பாய் "அடக் கொடுமையே" என்றார். பிறகு நாங்கள் நாலு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"நிறுத்திடுங்க பாய்" என்றார் என் வீட்டுக்காரர். கொஞ்சம் அவசரமாகச் சொன்னார்.

"இருங்கண்ணே, கப்பு குடுக்குறத பாப்போம்" என்றார் பாய்.

படம் ஓடியது. சார் கையை நீட்டுகிறார். கூட்டம் உள்ளே பாய்கிறது. படம் எடுத்தவர் மேசை மேல் ஏறியிருக்க வேண்டும், மேலிருந்து தெரிகிறது. சாரும் நானும் பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பார்த்து நடக்கிறோம். நான் திரும்பவில்லை. எங்களுக்குப் பின்னால், சட்டை இல்லாமல், உடம்பெல்லாம் மண்ணோடு ஒருவர் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வருகிறார். முகம் கூட்டத்தைப் பார்த்து, முதுகு எங்களைப் பார்த்து. வருகிறவர்களை நெஞ்சால் தள்ளுகிறார். ஒருவன் எட்டி அவர் கன்னத்தில் அறைகிறான். இன்னொருவன் செருப்பை ஓங்குகிறான். அத்தனை பேரும் அவருடைய சொந்த ஊர்க்காரர்கள். விரித்த கையை அவர் மடக்கவே இல்லை. எங்களுக்குப் பின்னால் அறைக் கதவு சாத்திய பிறகும், அவர் அந்தக் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டிருக்கிறார்.

சார் கூட இருந்ததால்தான் அன்று அடி விழவில்லை என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"ஏங்க, இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் டி.வி.யைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "இதுல சொல்றதுக்கு என்னா இருக்கு? ஃபைனலப் பத்தித்தானே பேசிக்கிட்டிருந்தோம். இது ஆட்டம் முடிஞ்சப்புறம் நடந்தது."

"சாரு பாக்கலயா?"

"பாத்தாரு. வெளிய வந்து என் தோள்ல கைய வச்சாரு. ஒன்னும் கேக்கல. அதான் பின்னால ஒன்னய வந்து கேக்கச் சொன்னப்ப மறுக்காமப் போனாரு."

படம் கோப்பை கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மீரான் பாய் மெதுவாக ரிமோட்டை எடுத்தார்.

"டீச்சர், அந்தக் கடைசி ரெய்ட இன்னொரு தடவ போட்டுப் பாக்கலாமா? மொகம் எங்கயாவது தெரியுதான்னு..."

"அது வேணாம் பாய்" என்றேன். "அதுக்கப்புறம் வருதே, அந்த எடத்தப் போடுங்க."